பில் வேணுமா... வேணாமா?

போன மாசம் மினி ப்ராஜெக்ட்டுக்குச் சாமான் வாங்க ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போயிருந்தோம். நான், என் ரூம்மேட், கையில ஒரு லிஸ்ட். ரெண்டு சென்சார், ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, ஒரு மோட்டார் டிரைவர், ஒரு கட்டு ஜம்பர் வயர். எல்லாத்தையும் கூட்டின கடைக்காரர், கால்குலேட்டரை எங்க பக்கம் திருப்பிக் காட்டினார். 2,000 ரூபாய்.

"பில் வேணுமா தம்பி? பில் போட்டா 360 ரூபாய் சேரும். வேணாம்னா இதோட போச்சு..."

நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? அதையேதான் நாங்களும் சொன்னோம். மிச்சமான 360 ரூபாய், அன்னிக்கு ராத்திரி பரோட்டா, சால்னா, ஆளுக்கொரு ஆம்லெட்டா மாறிடுச்சு. செம சந்தோஷம்!

ரூமுக்குத் திரும்பினதும் வீட்டுக்கு போன். அப்பா ஒரு தனியார் கம்பெனியில பல வருஷமா மாசச் சம்பளக்காரர். பெருமையா இந்தக் கதையைச் சொன்னேன். சிரிப்பார்னு நினைச்சா, கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்... "என்கிட்ட யாரும் 'பில் வேணுமா, வேணாமா'ன்னு கேக்குறது இல்லப்பா. சம்பளம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சுடறாங்க."

சுருக்குனு இருந்துச்சு.

அடுத்த வாரமே இந்த ஆபீஸ்ல ஒரு அசைன்மென்ட். 'பட்ஜெட்ல பற்றாக்குறை, பற்றாக்குறைனு சொல்றாங்களே... அதுக்கும் ஜனங்க வருமான வரி கட்டறதுக்கும் என்ன சம்பந்தம்? பசங்களுக்குப் புரியற மாதிரி எழுது!' நானோ இ.சி.இ. மூணாவது வருஷம். எகனாமிக்ஸ்னா காததூரம் ஓடுற ஆள். பட்ஜெட் உரை, ஆராய்ச்சிக் கட்டுரைனு புரட்ட ஆரம்பிச்சேன். புரட்டப் புரட்ட, எல்லா ரோடும் அந்த 360 ரூபாய்லயே வந்து நின்னுச்சு. எப்படின்னு சொல்றேன், வாங்க.

ஹாஸ்டல் பட்ஜெட்... நாட்டு பட்ஜெட்!

உங்க ஹாஸ்டல் கணக்கையே எடுத்துக்கோங்க. மாசச் செலவு 5,000 ரூபாய்னு வெச்சுப்போம். வீட்டுலேர்ந்து வர்றது 3,450. மீதி 1,550-க்கு பக்கத்து ரூம்ல கைமாத்து. இந்தக் கைமாத்துக்குத்தான் நியூஸ் பேப்பர்ல 'நிதிப் பற்றாக்குறை'னு பேர். இதுல கொடுமை என்னன்னா, அந்த 5,000 செலவுல சுமார் 1,260 ரூபாய் சாப்பாட்டுக்கும் போகலை, புத்தகத்துக்கும் போகலை. பழைய கைமாத்துக்கு வட்டி!

இப்போ ரூபாய்க்குப் பதிலா லட்சம் கோடியில கணக்குப் போடுங்க. மத்திய அரசின் 2025-26 பட்ஜெட் மதிப்பீடு ரெடி. மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். கடன் வாங்காம வரக்கூடிய வரவு 34.96 லட்சம் கோடி. துண்டு விழுந்தது 15.69 லட்சம் கோடி. நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பான ஜி.டி.பி.யில் இது 4.4 சதவிகிதம். வட்டிக்கு மட்டும் ஒதுக்கினது 12.76 லட்சம் கோடி.

அதே பட்ஜெட்டில் தனிநபர் வருமான வரியா வரும்னு எதிர்பார்த்த தொகை 14.38 லட்சம் கோடி. அதுலயும் மாநிலங்களுக்கு ஒரு பங்கு போயிடும். போனது போக மத்திய அரசின் கையில் மிஞ்சறது, பழைய கடனோட வட்டிக்கே காணாது. இந்தியா முழுக்க வருமான வரி கட்டற அத்தனை பேரும் சேர்ந்து தள்ளியும், வண்டி வட்டியைத் தாண்டலை!

'அப்போ பற்றாக்குறைன்னாலே தப்பா?' அப்படியும் இல்லை. கொரோனா வந்த 2020-21-ல் நம்ம மத்திய அரசோட பற்றாக்குறை ஜி.டி.பி.யில் 9.2 சதவிகிதத்துக்கு எகிறுச்சு. கடைகள் மூடிக் கிடந்த நேரத்துல ஜனங்களுக்கு ரேஷன் கொடுக்க, ஆஸ்பத்திரிக்குச் செலவு பண்ண, அரசு கடன் வாங்கித்தான் ஆகணும். பாலம் கட்ட, ரயில் விட வாங்கற கடன் நாளைக்குத் திரும்ப வருமானம் தரும். வட்டி கட்டவே கடன் வாங்கற நிலைமைதான் ஆபத்து. மேட்டர், கடன் வாங்கறதுல இல்லை. வர வேண்டிய பணம் வராததால வாங்கற கடன் எவ்வளவுங்கறதுலதான் இருக்கு.

ஏன்னா, ஒருத்தர் வரியைக் கட்டாம விட்டா அந்தச் செலவு நின்னுடாது. துண்டு விழுந்த இடத்தை நிரப்ப அரசுக்கு மூணே வழி. கடன் வாங்கலாம், அதை வட்டியோட அடைக்கப்போறது இப்போ காலேஜ்ல உட்கார்ந்திருக்கிற நாம. செலவைக் குறைக்கலாம், ஸ்காலர்ஷிப்பும் வேலைவாய்ப்பும் அதுல அடிபடலாம். இல்லைன்னா, ஏற்கெனவே ஒழுங்கா கட்டறவங்ககிட்டயே இன்னும் கொஞ்சம் பிடிக்கலாம். அதாவது, எங்க அப்பா மாதிரி ஆளுங்ககிட்ட!

1.25 கோடி கார் எங்கே... 76 லட்சம் பேர் எங்கே?

2017 பிப்ரவரி 1-ம் தேதி. அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி பட்ஜெட் உரையில் சில எண்களை எடுத்து வைத்தார். 2015-16-ல் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்த தனிநபர்கள் 3.7 கோடி பேர். அதில் 99 லட்சம் பேர், 'எங்க வருமானம் 2.5 லட்சத்துக்கும் கீழே'ன்னு காட்டினவங்க. 5 லட்சத்துக்கு மேல் வருமானம் காட்டியவர்கள் 76 லட்சம் பேர்தான். அந்த 76 லட்சத்திலும் 56 லட்சம் பேர் மாசச் சம்பளக்காரர்கள். ஐம்பது லட்சத்துக்கு மேல காட்டினவங்க, நாடு முழுக்க வெறும் 1.72 லட்சம் பேர்!

ஆனா அதுக்கு முந்தைய அஞ்சு வருஷத்துல மட்டும் வித்த கார்கள் 1.25 கோடிக்கு மேல். 2015-ல் வெளிநாட்டுக்குப் பறந்த இந்தியர்கள் 2 கோடிப் பேர். கார் ஓட்டுறாங்க, ஃபாரின் போறாங்க... ஃபார்ம்ல மட்டும் ஏழையாகிடறாங்க! ஏய்க்கறவங்களோட பங்கும் நேர்மையா கட்டறவங்க தலையிலதான் விழுதுங்கறதையும் அவர் அப்போ சொன்னார்.

அடுத்த வருஷ பட்ஜெட் உரையில் இன்னொரு கணக்கு. 2016-17 மதிப்பீட்டு ஆண்டில் 1.89 கோடி சம்பளக்காரர்கள் கட்டின வரி, சராசரியா ஆளுக்கு 76,306 ரூபாய். டாக்டர், வக்கீல் மாதிரி சொந்தத் தொழில் பண்றவங்களும் வியாபாரிகளும் சேர்த்து 1.88 கோடி பேர்; அவங்க கட்டினது சராசரியா 25,753 ரூபாய். தலை எண்ணிக்கை கிட்டத்தட்ட சமம். கட்டின பணம் மூணுல ஒரு பங்கு!

இதை வெச்சு 'வியாபாரிங்க எல்லாரும் திருடங்க'ன்னு முடிவு பண்ணிடாதீங்க. பெட்டிக்கடை, சைக்கிள் ரிப்பேர் கடைனு நிஜமாவே குறைஞ்ச வருமானக்காரங்க அந்தக் கூட்டத்துல நிறைய. 2025-26-லேர்ந்து புது வரி முறையில, சம்பளம், தொழில் மூலமா வருஷத்துக்கு 12 லட்சம் வரைக்கும் சம்பாதிச்சா வருமான வரியே கிடையாது. சின்னக் கடை வெச்சிருக்கிற எத்தனையோ பேர் கட்ட வேண்டியதே இல்லை. ஆனா, மேல சொன்ன அந்த இடைவெளி முழுசையும் அவங்க கணக்குல எழுதிட முடியாது இல்லையா?

நல்லவங்களா... மாட்டிக்கிட்டவங்களா?

இந்த இடத்துல எனக்கு ஒரு டவுட் வந்துச்சு. சம்பளக்காரங்க எல்லாம் உத்தமர்கள், மத்தவங்க எல்லாம் வில்லன்களா?

பதில் டென்மார்க்கில் இருக்கு. அங்கே வரித்துறையோட சேர்ந்து சில பொருளாதார நிபுணர்கள் 40,000-க்கும் மேற்பட்டவர்களின் வரிக் கணக்கை வெச்சு ஒரு சோதனை நடத்தினாங்க. 2011-ல் அந்த ஆய்வு வெளியானது. ரிசல்ட் என்ன தெரியுமா? கம்பெனியோ பேங்க்கோ நேரடியா வரித்துறைக்குத் தகவல் அனுப்புற வருமானத்துல ஏமாற்று கிட்டத்தட்ட பூஜ்யம். 'என் வருமானம் இவ்வளவு'னு ஆளே சொந்தமா எழுதிக் கொடுக்கிற இடத்துலதான் ஏமாற்று குவிஞ்சு கிடந்துச்சு. உலகத்துலேயே ஒழுங்கா வரி கட்டற நாடுகள்ல ஒண்ணுனு பேர் வாங்கின ஊர்லயே இப்படி!

அப்போ விஷயம் குணத்துல மட்டும் இல்லை பாஸ். சாட்சியில இருக்கு! எங்க அப்பாவோட சம்பளம் ரெண்டு இடத்துல எழுதப்படுது. அவர் ஒரு பக்கம் எழுதறார், கம்பெனி இன்னொரு பக்கம் எழுதுது. மறைக்கணும்னு நினைச்சாலும் முடியாது. நான் வாங்கின சென்சார்? கடைக்காரருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பரோட்டா மாஸ்டருக்குத் தெரியும். வேற எங்கேயும் எழுதலை.

'அது ஜி.எஸ்.டி. ஆச்சே, வருமான வரிக்கு என்ன சம்பந்தம்?'னு நீங்க கேக்கலாம். அங்கேதான் ட்விஸ்ட். பில் போடலைன்னா அந்த 2,000 ரூபாய் வியாபாரமே நடக்கலைன்னு அர்த்தம். வியாபாரமே நடக்கலைன்னா அதுல லாபமும் இல்லை. லாபம் இல்லைன்னா அதுக்கு வருமான வரியும் இல்லை. ஒரே ஒரு பில் காணாமப் போனா ரெண்டு வரி காணாமப் போகுது. நான் 360 ரூபாய் மிச்சம் பிடிச்சதா நினைச்சேன். உண்மையில, அதைவிடப் பெரிய ஒரு கணக்கு மறைய துணை போயிருக்கேன்.

(ஒரு சின்ன விளக்கம்: பொருள் விக்கிற சின்னக் கடைகள் ஒரு குறிப்பிட்ட விற்பனை அளவு வரைக்கும் ஜி.எஸ்.டி. பதிவே பண்ண வேண்டியதில்லை. அவங்க வரி சேர்க்காம விக்கிறது தப்பே கிடையாது. 'பில் போட்டா ஒரு ரேட், போடலைன்னா ஒரு ரேட்'னு சொல்ற கடைகளைப் பத்திதான் நாம பேசிட்டிருக்கோம்.)

324 நீச்சல்குளம்!

சரி, இப்படியே எல்லாரும் 'பில் வேணாம்'னு சொல்லிட்டே இருந்தா ஒரு நாடு என்ன ஆகும்? அதுக்கு ஒரு நிஜ உதாரணம் இருக்கு. அதைப் பார்க்க நாம கிரீஸுக்குப் போகணும்.

2009 அக்டோபர். கிரீஸில் புதுசா ஆட்சிக்கு வந்தவங்க கஜானாவைத் திறந்து பார்த்துட்டு, 'பற்றாக்குறை இதுவரைக்கும் சொன்னதைவிட ரொம்பப் பெரிசு'னு அறிவிச்சாங்க. கடைசியா கணக்குப் போட்டு முடிச்சப்போ அது ஜி.டி.பி.யில் 15 சதவிகிதத்தைத் தாண்டி நின்னுச்சு. ஐரோப்பிய யூனியன் போட்டு வெச்ச வரம்பு வெறும் 3 சதவிகிதம்! கடன் கொடுத்தவங்க பதறி வட்டியை ஏத்த, நாடே திவாலாகிற நிலைமை.

பணம் எங்கேதான் போச்சுனு தேட ஆரம்பிச்ச வரித்துறை, ஒரு வேலை பண்ணுச்சு. ஏதென்ஸ் நகரத்தோட வடக்குப் புறநகர்ப் பகுதிகள் பணக்காரங்க ஏரியா. வீட்ல நீச்சல்குளம் இருந்தா வரிப் படிவத்துல சொல்லணும். 'ஆமா, இருக்கு'ன்னு சொன்னவங்க 324 பேர். சாட்டிலைட் படத்தை எடுத்துப் பார்த்தாங்க. எண்ணிக்கை என்ன தெரியுமா? 16,974!

இது காமெடி. அடுத்து வர்றதுதான் சீரியஸ். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மூணு ஆராய்ச்சியாளர்கள், கிரீஸ் நாட்டு பேங்க் ஒன்றின் கடன் விவரங்களைக் கையில எடுத்தாங்க. அவங்க லாஜிக் ரொம்ப சிம்பிள். வரித்துறைகிட்ட 'நான் ஏழை'னு சொல்றவர், லோன் கேட்கும்போது பேங்க்கிட்ட அப்படிச் சொல்ல முடியாதே! உதாரணத்துக்கு, மாசம் 1,000 யூரோ சம்பாதிக்கறதா ஃபார்ம்ல எழுதின ஒருத்தர் 900 யூரோ இ.எம்.ஐ. கட்டிட்டு இருந்தா, அவர் காத்து குடிச்சா உயிர் வாழறார்? அவரோட நிஜ வருமானம் வேற எங்கேயோ இருக்கு. பேங்க்குக்கு அது தெரியும்.

இந்த வழியில கணக்குப் போட்டதில், சொந்தத் தொழில் பண்றவங்களோட வருமானத்துல 43 முதல் 45 சதவிகிதம் கணக்குலயே வரலைன்னு தெரிஞ்சுது. 2009-ல் மட்டும் மறைக்கப்பட்ட வருமானம் சுமார் 28 பில்லியன் யூரோ. அதுக்கு வந்திருக்க வேண்டிய வரி 11 பில்லியன் யூரோவுக்கும் மேல். அந்த வருஷத்துப் பற்றாக்குறையில் அது சுமார் 30 சதவிகிதம்!

மறைச்சது யாருன்னும் லிஸ்ட் போட்டிருக்காங்க. டாக்டர்கள், இன்ஜினீயர்கள், டியூஷன் எடுக்கிறவங்க, அக்கவுன்டன்ட்கள், நிதி ஏஜென்ட்கள், வக்கீல்கள். படிக்காதவங்க யாரும் இல்லை. லிஸ்ட்ல ரெண்டாவது வார்த்தையைக் கவனிச்சீங்களா? நம்ம ஆளுங்க மக்களே!

இன்னொண்ணையும் நேர்மையா சொல்லிடணும். 30 சதவிகிதம்னா, மீதி 70 சதவிகிதத்துக்குக் காரணம் வேற. எல்லாரும் ஒழுங்கா கட்டியிருந்தாலும் கிரீஸுக்குப் பற்றாக்குறை இருந்திருக்கும். கண்ணுமண்ணு தெரியாத செலவு, சரியில்லாத கணக்குனு அரசாங்கத்து மேலயும் ஏகப்பட்ட தப்பு. வரி ஏய்ப்பு ஒண்ணுதான் பற்றாக்குறைக்குக் காரணம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சம்பந்தமே இல்லைன்னு சொன்னாலும் நம்பாதீங்க!

கரன்ட் பில்லில் வந்த வரி

பற்றாக்குறை வந்த பிறகு என்ன ஆச்சு? 2010 மே மாசம் 110 பில்லியன் யூரோ கடனுதவி கிடைச்சுது. கூடவே கட்டளைகளும் வந்துச்சு. பொருள்கள் மேல போடற வாட் வரி, அந்த ஒரே வருஷத்துல 19-லேர்ந்து 23 சதவிகிதத்துக்கு ஏறுச்சு. அரசு ஊழியர் சம்பளம், ஓய்வூதியம் ரெண்டுலயும் வெட்டு. 2011-ல் கொண்டுவந்த புது சொத்து வரியை கரன்ட் பில்லோட சேர்த்தே அனுப்பினாங்க. 'வரி ஆபீஸை ஏமாத்துவீங்க, கரன்ட்காரனை ஏமாத்த முடியுமா?'ங்கற கணக்கு!

இதுல யார் மாட்டினாங்கனு யோசிச்சுப் பாருங்க. கடையில பால் வாங்குற பாட்டி, சம்பளக்காரர், பென்ஷன்காரர். 16,974 நீச்சல்குளக்காரங்க ஆடின ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கினது இவங்க.

ஜனங்க கொதிச்சாங்க. 'நான் கட்ட மாட்டேன்'னு ஒரு இயக்கமே கிளம்புச்சு. டோல்கேட்ல தடுப்பைத் தூக்கிவிட்டு, வண்டிகளை இலவசமா அனுப்பினாங்க. ஆக, இந்தச் சக்கரம் ரெண்டு பக்கமும் சுத்தும். வரி ஏய்ப்பு பற்றாக்குறையைப் பெரிசாக்கும். பற்றாக்குறையை அடைக்க அரசு வரியை ஏத்தும். வரி ஏறினா, இதுவரைக்கும் ஒழுங்கா கட்டினவனும் 'நான் மட்டும் என்ன இளிச்சவாயனா?'னு கேப்பான். அவனும் மறைக்க ஆரம்பிப்பான். பள்ளம் இன்னும் பெரிசாகும். எங்க சப்ஜெக்ட்ல இதுக்கு 'பாசிட்டிவ் ஃபீட்பேக்'னு பேர். பேர்தான் பாசிட்டிவ்... சர்க்யூட் எரிஞ்சு போயிடும்!

கடைசியில அடி வாங்கினது யாருன்னு கேட்டீங்கன்னா, நம்ம வயசுப் பசங்கதான். 2012-ல் கிரீஸ் இளைஞர்களோட வேலையின்மை விகிதம் 50 சதவிகிதத்துக்கும் மேல. டிகிரி முடிச்சவங்க பெட்டியைக் கட்டிக்கிட்டு ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் கிளம்பினாங்க. பில் வேணாம்னு சொன்னது அப்பாக்கள் தலைமுறை. பில்லைக் கட்டினது பிள்ளைகள் தலைமுறை.

"அவன் திருடறான்... நான் ஏன் கட்டணும்?"

இந்தக் கட்டுரையைப் பாதி எழுதி ரூம்மேட்கிட்ட காட்டினேன். படிச்சுட்டு, "டேய், நான் கட்டுற வரியில ஊழல் பண்றாங்க. ரோடு குண்டும் குழியுமா இருக்கு. நான் ஏன்டா கட்டணும்?"னு கேட்டான். உங்கள்ல பல பேர் இதையேதான் இப்போ நினைச்சிட்டிருப்பீங்க. நியாயமான கேள்வி. இதை ஒதுக்கிட்டுப் போக முடியாது.

ஜனங்க வரி கட்டறதுக்குப் பயம் மட்டும் காரணம் இல்லை. 'பக்கத்து வீட்டுக்காரனும் கட்டறான், கட்டினது ஏதோ ஒரு உருவத்துல திரும்ப வருது'ங்கற நம்பிக்கையும் வேணும். அந்த நம்பிக்கையைக் காப்பாத்த வேண்டியது அரசாங்கத்தோட வேலை. அதுல ஓட்டை இருந்தா தட்டிக் கேக்கணும். ஆனா, நான் அவன்கிட்ட திருப்பி ஒண்ணு கேட்டேன். "நாம கட்டாம விட்ட 360 ரூபாயால எந்த ஊழல்வாதிக்கு நஷ்டம் ஆச்சு?"

கொஞ்சம் யோசிச்சான். "பரோட்டா கடைக்காரருக்கு லாபம்"னான்.

அவ்வளவுதான் மேட்டர். வரி கட்டாம இருக்கறது ஊழலுக்கு எதிரான போராட்டம் இல்லை. அந்தப் பாரம் அரசியல்வாதி வீட்டுக்குப் போகாது. எங்க அப்பாவோட பே ஸ்லிப்புக்குப் போகும். இல்லைன்னா கடனாகி நாளைக்கு நமக்கே வரும். 'ரோடு எங்கே?'னு சட்டையைப் பிடிச்சுக் கேக்கணும்னா, கையில பில் இருக்கறவன் கேக்கறதுக்கு ஒரு கெத்து இருக்கு!

'நாமதான் இன்னும் சம்பாதிக்கவே இல்லையே, நமக்கு என்ன?'ன்னும் நினைக்காதீங்க. நீங்க போடற மொபைல் ரீசார்ஜ்ல 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. இருக்கு. நீங்க ஏற்கெனவே வரி கட்டற ஆள்தான்.

சாட்சி... நீங்கதான்!

சரி, சக்கரத்தை நிறுத்த முடியுமா? முடியும்னு காட்டின ஊர்கள் இருக்கு.

பிரேசிலின் சாவோ பாலோ மாநிலம் 2007-ல் ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. கடையில சாமான் வாங்கும்போது உங்க வரி அடையாள எண்ணைச் சொல்லி பில் வாங்கினா, வரியில ஒரு பகுதி உங்களுக்கே திரும்ப வரும். மாசா மாசம் லாட்டரிப் பரிசும் உண்டு. கடைக்காரர் பில்லை ஒழுங்கா ஏத்தலைன்னா ஜனங்களே புகார் பண்ணலாம். நாலு வருஷத்துல, சில்லறைக் கடைகள் கணக்குல காட்டின விற்பனை குறைஞ்சது 21 சதவிகிதம் கூடுச்சுனு பின்னாடி வந்த ஆய்வு சொல்லுது. ரெய்டு இல்லை, அதிரடி இல்லை. வாங்கறவங்க எல்லாரும் சாட்சி ஆனாங்க, அவ்வளவுதான்!

கிரீஸும் பாடம் படிச்சுது. 2017-லேர்ந்து வரி வசூலை தன்னாட்சி அமைப்பு ஒன்று கவனிக்குது. கார்டுல பணம் கட்டறவங்களுக்குச் சலுகை, பில்லுக்கு மாசாமாசம் லாட்டரி, கடை கார்டு மெஷினையும் கேஷ் ரெஜிஸ்டரையும் இணைக்கறதுனு ஒவ்வொண்ணா வந்துச்சு. செலவுக் குறைப்பும் சுற்றுலா வருமானமும் கைகொடுக்க, 15 சதவிகிதம் பள்ளத்துல கிடந்த நாடு 2024-ல் ஜி.டி.பி.யில் 1.3 சதவிகிதம் உபரி காட்டுச்சு. பற்றாக்குறை இல்லை பாஸ்... உபரி!

நம்ம நாட்டுலயும் இந்த ஐடியா வந்தாச்சு. 2022-ல் கேரளா 'லக்கி பில்' ஆப் ஆரம்பிச்சுது. 2023 செப்டம்பரில் மத்திய அரசு 'என் பில், என் உரிமை'ங்கற அர்த்தத்துல 'மேரா பில் மேரா அதிகார்' திட்டத்தைச் சில மாநிலங்கள்ல சோதனைக்குக் கொண்டு வந்தது. பக்கத்துல இருக்கிற புதுச்சேரியும் அதுல ஒண்ணு. 200 ரூபாய் பில்லுக்கு ஒரு கோடி வரைக்கும் பரிசு!

ஆனா பரிசு வந்தாத்தான் பில் கேக்கணுமா?

அந்த எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரரை நான் வில்லனா நினைக்கலை. ஆன்லைன் கடைகளோட போட்டி போடணும், வாடகை கொடுக்கணும். பக்கத்துக் கடை பில் இல்லாம குறைச்சு வித்தா இவரும் விக்க வேண்டிய கட்டாயம். எல்லாரும் பில் கேட்டா மட்டும்தான் அவருக்கும் அந்தத் தலைவலி தீரும். அந்த 'எல்லாரும்'ல நான் ஒருத்தன். நீங்க ஒருத்தர்.

இன்னும் ரெண்டு, மூணு வருஷத்துல நம்மள்ல பாதிப் பேர் சம்பளக்காரங்களா அப்பா பக்கம் நிப்போம். மீதிப் பேர் சொந்தமா கன்சல்டன்சி, ஸ்டார்ட்-அப், டியூஷன் சென்டர்னு கல்லாப் பெட்டி பக்கம் உட்கார்ந்திருப்போம். அப்போ இந்தக் கேள்வியைக் கேட்கப்போறவங்களே நாமதான். கிரீஸ் லிஸ்ட்டுல ரெண்டாவது இடம் ஞாபகம் இருக்கட்டும்!

நேத்து அதே கடைக்குப் போனேன். ஒரு சென்சார் எரிஞ்சு போச்சு, புதுசு வேணும். 400 ரூபாய். கடைக்காரர் அடையாளம் கண்டுபிடிச்சுட்டார். அதே சிரிப்பு, அதே கேள்வி.

"பில் வேணுமா தம்பி?"

"வேணும்ணே" என்றேன்.

ஒரு செகண்ட் பார்த்தார். அப்புறம் மேஜை டிராயரைத் திறந்து பில் புக்கைத் தேடி எடுத்தார். 72 ரூபாய் கூடுதல். அன்னிக்கு ராத்திரி ஆம்லெட் கட்.

பில்லை போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரே ஒரு கட்டை விரல் வந்துச்சு. 72 ரூபாய்க்கு இது போதும் சார்!